மணிக்கட்டில் ஓர் அனுமானம்

அறிவு எந்த வழியாக வந்தது என்று முதலில் விசாரித்து, அதன் பிறகே அதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்று தீர்மானிப்பது நம் நாட்டுத் தத்துவ சாஸ்திரங்களின் பழைய ஒழுங்கு. சிவஞான சித்தியார் பதி, பசு, பாசம் என்னும் பெரும் பொருள்களைப் பேசப் புகுமுன் அளவையைப் பேசி, காட்சி, அனுமானம், உரை ஆகிய மூன்றையும் நிலைநாட்டிக்கொண்டே மேலே செல்கிறது. வஞ்சி நகரில் சமயவாதிகளின் கொள்கைகளைக் கேட்கச் சென்ற மணிமேகலைக்கு முதலில் விடை சொன்ன அளவைவாதி, பிரமாணங்கள் பத்து என்று அவளுக்கு எண்ணிக் காட்டுகிறான். அவ்வளவு பெரிய ஏற்பாட்டைக் கொண்டுவந்து, மாலை நடை முடித்துச் செருப்பைக் கழற்றுமுன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்து, “இன்றைக்கு 312 கலோரி” என்று வீட்டாருக்கு அறிவிக்கும் ஒரு மனிதரிடம் பிரயோகிப்பது, மலையைக் கெல்லி எலியைப் பிடிப்பதாகத் தோன்றலாம். ஆயினும் அந்த மனிதர் அந்த எண்ணை நம்பி இரவு உணவில் ஒரு தோசையைக் கூட்டவோ குறைக்கவோ போகிறார். தம் சரீரத்தைப் பற்றிய ஓர் உண்மை தமக்குத் தெரிந்துவிட்டதென்று நிச்சயமாக எண்ணுகிறார். ஆகையால் அது காட்சியா, அனுமானமா, பிறர் உரையா என்று கேட்பதில் தவறில்லை. கடிகாரம் எவ்வளவு பிழைபடுகிறது என்பதை விஞ்ஞானிகள் அளந்து சொல்லிவிட்டார்கள். எவ்வகையில் பிழைபடுகிறது என்பது தர்க்க சாஸ்திரத்துக்கு உரிய கேள்வி. எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது.

ஸ்மார்ட் வாட்ச் என்று எல்லோரும் வழங்கும் இச்சாதனத்தைக் கழற்றிப் புரட்டிப் பார்த்தால், தோலோடு ஒட்டியிருக்கும் அதன் அடிப்பக்கத்தில் பச்சை ஒளி விட்டுவிட்டு மின்னுவதைக் காணலாம். இரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும் இயல்புடையது. இதயம் சுருங்குந்தோறும் மணிக்கட்டின் நுண்ணிய குழாய்களில் இரத்தம் சற்று மிகுவதால் திரும்பிவரும் ஒளி சற்றுக் குறைகிறது. அந்தக் குறைவையும் நிறைவையும் எண்ணி நாடித்துடிப்பு இத்தனை என்று கடிகாரம் சொல்கிறது. வார் தளர்ந்திருந்தாலும், மணிக்கட்டில் பச்சை குத்தியிருந்தாலும், கை வேகமாக ஆடினாலும் இந்தக் கணக்குத் தடுமாறும். மற்றொரு நுண்கருவி கையின் அசைவை உணர்ந்து அடிகளை எண்ணுகிறது. செயற்கைக்கோளின் துணையால் நடந்த தூரமும் தெரிகிறது. கடுமையாகப் பேசும் தார்க்கிகர் ஒருவர், ஒளியின் ஏற்ற இறக்கத்திலிருந்து நாடியை அறிவதும் அனுமானமே என்று ஆட்சேபிக்கக்கூடும். அதை ஒப்புக்கொள்ளலாம், ஆயினும் இடையில் இருப்பது ஒரே படி, அதுவும் குறுகிய படி. கலோரியின் சங்கதி வேறு. அது வெப்பத்தின் அளவு. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடேற்றத் தேவையான வெப்பத்தையே உணவுக் கணக்கில் ஒரு கலோரி என்கிறோம். உடல் எரித்து வெளியிடும் மொத்த வெப்பத்தை அளப்பதற்குரிய உறுப்பு எதுவும் அந்தக் கடிகாரத்தில் இல்லை.

மனிதன் எரிப்பதை உள்ளபடி அளக்க வேண்டுமானால் அவன் முகத்தில் மூடி பொருத்தி, உட்கொள்ளும் பிராணவாயுவையும் வெளிவிடும் கரியமில வாயுவையும் கணக்கிட வேண்டும். ஒரு லிட்டர் பிராணவாயு செலவானால் ஏறத்தாழ ஐந்து கலோரி எரிந்ததாகக் கொள்வது வழக்கம். அந்தப் பிராணவாயுவின் செலவை இதயத்தோடு இணைத்துக் காட்டியவர் அடோல்ஃப் ஃபிக் என்ற ஜெர்மானிய அறிஞர். 1870இல் அவர் வெளியிட்ட கோட்பாட்டின்படி, பிராணவாயுவின் செலவு மூன்று எண்களின் பெருக்கம்: நிமிஷத்துக்கு எத்தனை துடிப்பு, ஒரு துடிப்பில் எவ்வளவு இரத்தம், அந்த இரத்தத்திலிருந்து உடல் எடுத்துக்கொண்ட பிராணவாயு எவ்வளவு. கடிகாரம் அறிவது முதலாவதை மட்டுமே; மற்ற இரண்டையும், நாம் வாங்கிய அன்று நிரப்பிய வயது, எடை, உயரம், ஆண் பெண் என்ற நாலு விவரங்களைக் கொண்டு, நம்மைப் போன்ற வேறு பலரின் சராசரியிலிருந்து ஊகித்துக்கொள்கிறது. பல ஆண்டுகள் ஓடிப் பழகியவனின் இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் இரத்தம், நாற்காலியிலேயே வாழ்நாளைக் கழித்தவனின் இதயம் தள்ளுவதைக் காட்டிலும் மிகுதி. எனவே இருவருக்கும் துடிப்பு 120 என்றிருந்தாலும் எரிந்தது ஒன்றாகாது. இரத்த அழுத்தத்துக்குச் சில வகை மாத்திரைகள் உண்பவருக்கோ, எவ்வளவு வேகமாக நடந்தாலும் துடிப்பு ஓர் எல்லைக்கு மேல் ஏறுவதில்லை. கடிகாரம் அவரைச் சோம்பேறி என்று முடிவு கட்டும்.

நெருப்பையும் புகையையும் வைத்துத் தார்க்கிகர்கள் சொல்லிக்கொடுக்கும் பாடம் இங்கே வெகு பொருத்தமானது. புகை கண்ட இடத்தில் நெருப்பு உண்டென்பது பழுதற்ற அனுமானம். அதைத் திருப்பிப்போட்டு, நெருப்பு இருப்பதால் புகையும் இருக்கும் என்றால் பழுது வந்துவிடுகிறது; பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டில் நெருப்பு உண்டு, புகை இல்லை. ஈர விறகு சேர்ந்தால்தான் நெருப்பு புகையும். அந்தச் சேர்க்கையை உபாதி என்பார்கள். 17ஆம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் மாணவர்களுக்காக எழுதிய தர்க்கசங்கிரகம் இந்த உதாரணத்தையே எடுத்துக்கொண்டு, உபாதியைச் சார்ந்து நிற்கும் ஹேது, அதாவது அனுமானத்துக்குக் காட்டும் காரணம், ஹேதுவன்று, ஹேதுவைப் போன்ற போலி என்று விளக்குகிறது. இனிக் கடிகாரத்தின் அனுமானத்தைப் பார்ப்போம். உடல் உழைத்து எரிக்கும்போது இதயம் விரைகிறது என்பது உண்மை. இதயம் விரைந்தது, ஆகவே உடல் எரித்தது என்பது திருப்பிப்போட்ட வாக்கியம். அதில் மறைந்து நிற்கும் ஈர விறகு தசையின் உழைப்பு. உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தின் கடைசி ஓவரை நாற்காலி நுனியில் உட்கார்ந்து பார்ப்பவருக்கும், தேர்வு முடிவுக்காகக் கைபேசியைத் தடவிக்கொண்டிருக்கும் மாணவனுக்கும், மேலதிகாரியிடம் வசவு வாங்கிவிட்டு வாய் திறவாமல் நிற்பவருக்கும் இதயம் விரையத்தான் விரைகிறது. இரண்டு டம்ளர் காபியும் சித்திரை வெயிலும் அதே காரியத்தைச் செய்யும். பயத்தையும் கோபத்தையும் ஆசையையும் கடிகாரம் தேகாப்பியாசம் என்று பதிவு செய்துகொள்வதில் ஒரு விநோதமான நியாயம் உண்டென்று வேதாந்திகள் சிரிக்கலாம். கொழுப்புக் கரையவேண்டும் என்று விரும்புகிறவருக்கு அது உதவாது.

கடிகாரத்தைச் செய்தவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். ஒரு ஹேது போதாதென்றுதான் கையசைவு என்னும் இரண்டாவது ஹேதுவைச் சேர்த்தார்கள். அதற்கும் உபாதி உண்டு. இரண்டு கையிலும் தண்ணீர்க் குடத்தோடு மூன்றாம் மாடிக்கு ஏறுகிறவரின் கை வீசி ஆடுவதில்லை; குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளுகிறவரின் கை பிடியில் ஊன்றியிருக்கிறது; சைக்கிள் மிதிப்பவரின் உழைப்பெல்லாம் காலில் நடக்கிறது. இவர்கள் அடிகள் குறைகின்றன. உட்கார்ந்த இடத்தில் தாளம் போடுபவருக்கோ எண்ணிக்கை ஏறிவிடலாம். இரவு பத்தாயிரம் நிறைய இருநூறு குறைகிறதென்று படுக்கையில் கிடந்தபடியே கையை ஆட்டி எண்ணிக்கையைப் பூர்த்தி செய்கிற மனிதர்களும் இருக்கிறார்கள். அவர்கள் யாரை ஏமாற்றுகிறார்கள் என்பது தனி விசாரணைக்குரிய விஷயம்.

2017இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் யூவான் ஆஷ்லி என்னும் இதய நிபுணரின் குழுவினர் அறுபது பேருக்கு ஏழு வகை மணிக்கட்டுச் சாதனங்களை அணிவித்து, டிரெட்மில்லில் நடக்கவும் ஓடவும், சைக்கிள் மிதிக்கவும் செய்து, அதே சமயத்தில் இசிஜியாலும் முகமூடியாலும் உண்மை அளவைப் பதிவு செய்தார்கள். நாடித்துடிப்பில் ஏழில் ஆறு சாதனங்களின் பிழை நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. கலோரியிலோ, ஏழில் சிறந்ததன் சராசரிப் பிழையே நூற்றுக்கு 27, கடைசியாக நின்றதன் பிழை 93. கருத்த தோலுடையோரிடம் பிழை மிகுந்தது என்றும் அவர்கள் குறித்திருப்பது நம்மவர்கள் கவனிக்கத்தக்கது. அதன் பிறகு சாதனங்கள் திருந்தியிருக்கின்றன. ஆனால் ஒரே மணிக்கட்டில், ஒரே திரையில், ஒரே எழுத்தில் அடுத்தடுத்துத் தோன்றும் இரண்டு எண்களில் ஒன்று ஏறக்குறையக் காட்சி, மற்றொன்று உபாதி நிறைந்த அனுமானம் என்ற பேதம் திருத்தத்தால் போவதன்று. திரை இரண்டையும் ஒரே பீடத்தில் உட்கார வைக்கிறது. கடிகாரத்தின் பெரும் பிழை என்று நான் கருதுவது அந்த 27 அன்று, இந்தச் சமாசனமே.

அனுமானம் என்றாலே தள்ளிவிடவேண்டும் என்று இதனால் சொன்னதாகாது. அப்படிச் சொன்னவர்கள் சார்வாகர்கள். காட்சியைத் தவிர வேறு பிரமாணம் இல்லை என்று சாதித்த அவர்களைப் பார்த்து, வீட்டைவிட்டு வெளியே போன சார்வாகன் மனைவி மக்கள் கண்ணுக்குப் படாததால் இல்லையென்று முடிவு செய்து திரும்பாமலே இருந்துவிட வேண்டியதுதான் என்று உதயனாசாரியர் பரிகசித்தார். உடலின் செலவைப் பற்றிய விஞ்ஞானமே ஓர் அனுமானத்தில் பிறந்ததுதான். அந்தக் கதை சற்று நின்று கேட்கத்தக்கது.

இத்தாலியில் பாதுவா சர்வகலாசாலையில் வைத்தியப் பேராசிரியராயிருந்த சந்தோரியோ சந்தோரியோ என்பவர், உத்தரத்தில் பெரிய துலாக்கோல் ஒன்றை மாட்டி, அதன் ஒரு முனையில் நாற்காலியைத் தொங்கவிட்டு, அதில் உட்கார்ந்து தம்மையே நிறுத்துக்கொண்டார். அவர் நூலின் பிற்காலப் பதிப்புகளில் காணும் சித்திரத்தில், எதிரே உணவு பரிமாறிய மேஜை இருக்க, பெரியவர் நாற்காலியோடு அந்தரத்தில் அமர்ந்திருக்கிறார். வேண்டிய அளவு உண்டு முடித்ததும் பாரம் தாங்காமல் நாற்காலி கீழே இறங்கிவிடும், மேஜை கைக்கு எட்டாது போய்விடும். இன்றைக்கு எத்தனையோ வீடுகளுக்கு அத்தகைய நாற்காலி தேவைப்படுகிறது. உண்டதையும் குடித்ததையும் கழித்ததையும் முப்பது ஆண்டுகள் நிறுத்துப் பார்த்து, 1614இல் சூத்திரங்கள் போன்ற சிறு சிறு வாக்கியங்களாக அவர் வெளியிட்ட முடிவு இது: எட்டு பவுண்டு உணவும் பானமும் உட்சென்றால், ஐந்து பவுண்டு கண்ணுக்குத் தெரியாமல் உடலைவிட்டுப் போகிறது. பிராணவாயுவின் பெயரையும் அறியாத காலம். உள்ளே போனதும் வெளியே வந்ததும் ஒத்துப்போகாமையால், காணாத ஒன்று போயிருக்க வேண்டும் என்று அவர் கொண்டார். பகலில் உண்ணாத தேவதத்தன் பருத்துக்கொண்டே போகிறான், ஆகவே இரவில் உண்கிறான் என்று மீமாம்சகர்கள் காட்டும் அருத்தாபத்தி இதுவேயாகும். நாடித்துடிப்பை அளக்க நூலில் ஈயக் குண்டு கட்டி ஆடவிட்ட ஊசற்கருவியைச் செய்தவரும் இதே சந்தோரியோதான். நாடியையும் செலவையும் இரண்டையும் அளந்த அந்த மனிதர் ஒன்றிலிருந்து மற்றொன்றை ஊகிக்காமல், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கருவி வைத்துக்கொண்டார் என்பதை அவருடைய விவேகத்துக்கு அடையாளமாகக் கொள்கிறேன். பின்னர் லவோய்சியரும் லப்லாசும் 1780களில் கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்தில் வைத்து, உருகிய நீரைக்கொண்டு அதன் வெப்பத்தை அளந்தார்கள். 1890களில் அமெரிக்காவில் அட்வாட்டர் என்பவர் மனிதனையே ஒரு சிறு அறைக்குள் நாட்கணக்கில் குடியிருத்தி அளந்தார். கலோரி என்ற சொல்லுக்கு வந்த கௌரவம் அவர்கள் பட்ட பாட்டினால் வந்தது. கடிகாரம் அதை இனாமாக அனுபவிக்கிறது.

கடிகாரத்தின் எண்ணை அணிந்திருப்பவர் தாமாக அனுமானித்துக் கொள்வதில்லை. அனுமானம் வேறெங்கோ நடந்து, முடிவு மட்டும் வந்து சேர்கிறது. ஆகையால் அவரைப் பொறுத்தவரை அது உரை, அதாவது சப்தப் பிரமாணம். சப்தம் பிரமாணமாவதற்கு நியாய சாஸ்திரம் ஒரே நிபந்தனை விதிக்கிறது: சொல்பவர் ஆப்தராயிருக்க வேண்டும். பொருளை நேரே உணர்ந்து, உணர்ந்தபடி பிறருக்குச் சொல்ல விரும்புபவரே ஆப்தர். அவர் ரிஷியானாலும் சரி, மிலேச்சரானாலும் சரி, இலக்கணம் ஒன்றே என்று வாத்ஸ்யாயனர் தாராளமாக எழுதினார். பல நிறுவனங்கள் தம் கணக்கு முறையை வியாபார ரகசியமாக வைத்திருக்கின்றன. பிரதிக்ஞை, ஹேது, உதாரணம், உபநயம், நிகமனம் என்று ஐந்து அங்கங்களோடு பேசவேண்டிய இடத்தில் நிகமனத்தை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறவரை எந்தச் சபையிலும் ஏற்கமாட்டார்கள். அதிலும் “சுமார் 300” என்று சொல்லாமல் 312 என்று சொல்வது, அறியாததை அறிந்ததைப் போல் உச்சரிப்பது. 230க்கும் 400க்கும் நடுவில் எங்கோ இருக்கலாம் என்று திரையில் காட்டினால் அது ஆப்த வாக்கியத்துக்கு அருகே வரும். ஆனால் அப்படிக் காட்டும் கடிகாரத்தைக் காசு கொடுத்து யார் வாங்குவார்கள்?

கடிகாரத்தை ஒதுக்கி, உடம்பு சொல்வதைக் கேள் என்று உபதேசிப்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. தன்னைப் பற்றித் தானே சொல்லும் உரையும் சோதனைக்குத் தப்பவில்லை. எவ்வளவு பத்தியம் இருந்தும் எடை குறையவில்லை என்று முறையிட்ட பத்துப் பேரை ஆராய்ந்து, 1992இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் பத்திரிகையில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. அவர்கள் உண்டதாகச் சொன்னது, உண்மையில் உண்டதைவிடச் சராசரி நூற்றுக்கு 47 குறைவு. உழைத்ததாகச் சொன்னதோ நூற்றுக்கு 51 அதிகம். அவர்கள் பொய்யர்கள் அல்லர். மனதார நம்பியே சொன்னார்கள். தேவதத்தன் இரவில் உண்பது தேவதத்தனுக்கே தெரியாமல் இருக்கலாம் என்பதை மீமாம்சகர்கள் எதிர்பார்க்கவில்லை.

அப்படியானால் கலோரி எண் மெய்யா என்று சோதிப்பது எப்படி? அறிவு தோன்றும்போதே பிராமாண்யத்தோடு தோன்றுகிறது, வேறொன்று மறுக்கும்வரை அதை மெய்யென்றே கொள்ளவேண்டும் என்பது மீமாம்சகர் பக்ஷம். நம்பிச் செயல்பட்டுப் பலன் கண்ட பிறகே அது மெய்யென்று உறுதியாகும் என்பது நையாயிகர் பக்ஷம். தண்ணீர் என்று நினைத்துப் போனவன் குடித்துத் தாகம் தீர்ந்தால் அவன் கண்டது கானல் அன்று. கலோரிக்கு அத்தகைய தாகமும் இல்லை, தீர்வும் இல்லை. ஒரு நாளின் எண் தவறென்று எந்தப் புலனும் நமக்குச் சொல்லாது. ஆகவே அணிந்தவர் எல்லோரும் தம்மை அறியாமலே மீமாம்சகர்களாகிவிடுகிறார்கள். பலனைக்கொண்டு பார்த்தவர்கள் கண்டது அவ்வளவு உற்சாகம் தருவதன்று. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட இரண்டாண்டுப் பரிசோதனையில், புயத்தில் அணியும் அளவுக்கருவி பெற்றவர்கள் சராசரி 3.5 கிலோ எடை குறைந்தார்கள். அது பெறாமல் வழக்கமான ஆலோசனையோடு நின்றவர்கள் 5.9 கிலோ குறைந்தார்கள். காரணம் இன்னதென்று அப்பரிசோதனை நிரூபிக்கவில்லை. எண்ணைக் கண்ட திருப்தி உணவுக்கு அனுமதிச் சீட்டாகிவிடுகிறது என்பது என் ஊகம்.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழும் ஹட்ஸா மக்களிடம் ஹெர்மன் பான்ட்சர் குழுவினர் சென்று, கனத்த ஹைட்ரஜனும் கனத்த ஆக்ஸிஜனும் கொண்ட தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, அவை உடலைவிட்டு நீங்கும் வேகத்திலிருந்து செலவைக் கணக்கிட்டார்கள். ஹட்ஸா ஆண்கள் நாள்தோறும் சராசரி 11 கிலோமீட்டருக்கு மேல் நடப்பவர்கள். 2012இல் வெளியான முடிவின்படி, உடலின் பருமனைக் கணக்கில் கொண்டால், அவர்களுடைய மொத்தச் செலவும் நாற்காலியில் உழைக்கும் அமெரிக்கருடைய செலவும் ஏறத்தாழ ஒன்றே. நடையில் மிகுதியாகச் செலவிட்ட உடல் வேறு உட்காரியங்களில் சிக்கனம் பிடித்துக்கொள்கிறது என்று பான்ட்சர் கருதுகிறார், மறுப்போரும் உளர். அவர் சொல்வது சரியானால், ஓய்வின் செலவு இவ்வளவு, அதன்மேல் நடையின் செலவு இவ்வளவு என்று கூட்டிக்காட்டும் கடிகாரத்தின் கணக்கு, எண்கள் ஒவ்வொன்றும் துல்லியமாயிருந்தாலும் பொய்த்துவிடும். சரீரம் வரவு செலவுக் கணக்கில் நாம் எழுதுவதையெல்லாம் ஏற்றுக்கொண்டு சும்மா இருக்கும் ஜடமன்று. அது தானும் ஒரு கணக்குப்பிள்ளை.

எண்ணுவதே கூடாதென்பதும் நம் சம்பிரதாயமன்று. அரசமரத்தடிப் பிள்ளையாரை 108 சுற்றுச் சுற்றும் பெண்கள், சுற்றுக்கு ஒன்றாகப் புளியங்கொட்டையோ பூவோ வைத்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறோம். அங்கே எண்ணுகிறவளும் செய்கிறவளும் ஒருத்தியே. கை கொட்டையைத் தொடும்போது மனம் சுற்றுக்குத் திரும்புகிறது. 108 ஆயிற்றென்றால் 108 ஆயிற்று என்பதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்ல வரவில்லை. கடிகாரத்தின் அடிக்கணக்கும் அந்த அளவில் நின்றால் நல்ல துணைதான். அதன் பத்தாயிரம் என்ற இலக்கு 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடிமானியோடு பரவியதேயன்றி மருத்துவர்கள் ஆய்ந்து வகுத்ததன்று என்று தெரிந்திருந்தாலும், ஒருவரை நாற்காலியைவிட்டு எழுப்பப் போதுமானது.

நாடியின் பதிவோ உண்மையாகவே பிரமாணமாகக் கொள்ளத்தக்கது என்பதற்குப் பலன் கண்ட சாட்சியம் சேர்ந்துகொண்டிருக்கிறது. 2019இல் வெளியான ஸ்டான்ஃபோர்டின் மற்றோர் ஆய்வில் 4,19,297 பேர் கடிகாரத்தோடு பங்குகொண்டார்கள். நாடி ஒழுங்கு தவறுகிறதென்று எச்சரிக்கை பெற்றவர்கள் நூற்றுக்கு 0.52 பேர். அவர்களில் இசிஜி பட்டையை அணிந்து திருப்பி அனுப்பியவர்களில் நூற்றுக்கு 34 பேரிடம் இதய மேலறைகளின் ஒழுங்கற்ற துடிப்பு உண்மையாகவே கண்டுபிடிக்கப்பட்டது. எச்சரிக்கை கிடைத்ததும் முடிவு கட்டிவிடாமல், பட்டையை ஒட்டிச் சரிபார்த்த பிறகே நோய் என்று சொன்னார்கள். எனக்குத் தெரிந்த இருதய மருத்துவர் ஒருவர், கடிகாரம் கட்டிவரும் நோயாளிகளிடம் கைபேசியை வாங்கி நாடியின் பதிவை மாதக்கணக்கில் பின்னோக்கித் தள்ளி நிதானமாகப் படிக்கிறார். அடிகளின் பக்கத்தையும் ஒரு பார்வை பார்க்கிறார். கலோரிப் பக்கத்தை நோயாளியே திறந்து நீட்டினாலும், “அது இருக்கட்டும்” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்.